அம்மாவின் கொப்பியும் என் கார்ட்டும்

சனிக்கிழமை காலையில் லொங்குய்ய் மெற்றோவில் ஏறினால் பிளமொண்டனில் இறங்க முக்கால் மணித்தியாலம் ஆகும். எங்கள் பக்கத்து மஞ்சள் கோட்டில் மொத்தமே மூன்று நிலையங்கள்தான். லொங்குய்யில் ஏறி, சென் லோறன்ஸ் ஆற்றுக்குக் கீழே போய், நடுத்தீவில் ஒருமுறை நின்று, பெரி-யுகாமில் இறங்கி செம்மஞ்சள் கோட்டுக்கு மாற வேணும். 1967 உலகக் கண்காட்சிக் காலத்தில் திறந்த பாதை. சின்னவன் ஒவ்வொரு சனியும் மேலே பார்த்து, "இப்ப எங்கட தலைக்கு மேல மீன் நிக்குதா?" என்று கேட்பான். நானும் ஒவ்வொரு சனியும் "ஓம்" என்று சொல்வேன்.

போவது அம்மா வீட்டுக்கு. அம்மா 1996 இல் என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கிய அதே கோட்-தே-நேஜ் பக்கத்தில்தான் இன்னும் இருக்கிறா. யாழ்ப்பாண இடப்பெயர்வுக்கு அடுத்த வருசம் அது, எனக்கு ஒன்பது வயது. நாங்கள் வீடு வாங்கும்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம் விலை கட்டாததால் லொங்குய்ய்க்கு வந்தோம். நல்ல ஊர். சான்-ஷார்ல் தெருவில் பழைய கல் வீடுகள், பெரிய தேவாலயம், கோடையில் ஆற்றங்கரையில் சைக்கிள் ஓடலாம், அங்கிருந்து பார்த்தால் மொன்றியல் முழுக்கத் தெரியும். ஆனால் கறிவேப்பிலை வாங்க ஆறு தாண்ட வேணும். அம்மா எங்கள் வீட்டில் வந்து தங்க மாட்டா. "ஆத்துக்கு அங்கால எனக்கென்ன வேலை? தமிழ் முகம் ஒண்டு காணேலாது" என்பா. ஆகவே நாங்கள்தான் போவது. போய்ச் சாப்பிட்டு முடிந்ததும் அம்மா கொப்பியை எடுப்பா.

அது ஒரு சீஆர் கொப்பி. உங்களில் பலரின் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கும். திகதி, டொலர், "மாத்து விலை", ரூபாய், கடைசிப் பத்தியில் ஒரு சரி அடையாளம். 1997 இல் தொடங்குகிறது. இப்போது மூன்றாவது கொப்பி ஓடுகிறது. கோண்டாவிலில் இருக்கும் அம்மம்மாவுக்கு மாதாமாதம் அனுப்பிய காசு அத்தனையும் அதில் இருக்கு. அப்பா வேலை இழந்திருந்த ஒரு வருசத்தில்கூட வரி விடுபடவில்லை. தொகை மட்டும் சின்னதாக இருக்கும். சரி அடையாளம் எப்போது விழும் என்றால், அம்மம்மா தொலைபேசியில் "கையில கிடைச்சுது" என்று சொன்ன பிறகுதான். அனுப்பின உடனே போட மாட்டா.

இருபத்தைந்து வருசத்துக்கு மேல் அந்தக் காசு போனது உண்டியலில். இதை முதல்முறை கேட்டபோது சின்னவன் முருகன் கோயில் வாசலில் இருக்கும் உண்டியலைத்தான் நினைத்தான். அதற்குள்ளே டொலரைப் போட்டால் கோண்டாவிலில் எப்படி வரும் என்று ஒரு வாரம் யோசித்துக்கொண்டிருந்தான். சொல் பழையது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மாவுக்கும் கொழும்பு செட்டியார் தெருவுக்கும் எழுதி அனுப்பிய உண்டியலின் பெயர்தான் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கு. வேலை செய்யும் விதமும் அதிகம் மாறவில்லை. அம்மா இங்கே ஒரு பலசரக்குக் கடையில் டொலரைக் குடுப்பா. கடைக்காரர் யாழ்ப்பாணத்தில் ஒருவருக்கு அழைத்துச் சொல்வார். அடுத்த நாள் ஒரு பெடியன் சிவப்பு மோட்டார் சைக்கிளில் அம்மம்மா வீட்டுப் படலையைத் தட்டுவான். டொலர் நாட்டை விட்டுப் போகவே இல்லை. ரூபாயும் வெளியே இருந்து வரவே இல்லை. யாரோ ஒருவர் அங்கிருந்து இங்கே அனுப்ப விரும்பிய காசு அம்மம்மாவிடமும், அம்மாவின் காசு இங்கே அவரின் பிள்ளையிடமும் போய்ச் சேர்ந்திருக்கும்.

நான் இதெல்லாம் யோசிக்கத் தொடங்கியது 2023 ஆகஸ்டில், பாரிஸ் கலியாணம் ஒன்றுக்குப் போய் வந்த பிறகு.

மாமியின் மகளின் கலியாணம். ஒன்பது நாள், நாலு பேர். லா சப்பல் கடைகளில் பிள்ளைகளுக்குச் சட்டை, வீட்டுக்குச் சாமான், ஒருநாள் எல்லாருமாகக் கொத்து ரொட்டி, எல்லாத்துக்கும் கார்ட். வீடு வந்து குசினி மேசையில் வங்கிக் கணக்கைத் திறந்தேன். ஏறத்தாழ 4,200 டொலர். அது எதிர்பார்த்ததுதான். இடித்தது ஒரு சேலை. 300 யூரோவுக்கு வாங்கி, கரையில் கறை இருந்ததால் மூன்றாம் நாள் திருப்பிக் குடுத்த சேலை. கடைக்காரி 300 யூரோவையும் முழுக்கத் திருப்பிப் போட்டிருந்தா. ஆனால் என் கணக்கில் போனது 452 டொலர், வந்தது 430 டொலர். உடுக்காத சேலைக்கு 22 டொலர்.

நான் மென்பொருள் எழுதிச் சம்பாதிக்கிறவள். கணக்கு சரிவராவிட்டால் நித்திரை வராது. அந்தக் கிழமை யூரோ 1.47 டொலருக்கு நின்றது. என் கணக்கில் 1.507 என்று இருந்தது. 1.47 ஐ 1.025 ஆல் பெருக்கினால் அந்த எண் வரும். கனடாவில் பெரும்பாலான கடன் அட்டைகள் வெளிநாட்டு நாணயத்துக்கு 2.5 வீதம் எடுக்கின்றன. அதைத் தனி வரியாகக் காட்டாமல் மாற்று விலைக்குள்ளேயே சேர்த்துவிடுவதால் கண்ணில் படாது. வாங்கும்போது விலையைக் கூட்டி எடுக்கிறார்கள். திருப்பும்போது சில வங்கிகள் அதே வீதத்தைக் குறைத்துத் தருகின்றன. இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. சேலையைத் தள்ளிவிட்டாலும் முழுப் பயணத்துக்கும் 105 டொலர் வரை போயிருக்கு. இதில் தானியங்கி இயந்திரத்தில் காசு எடுத்த செலவு சேரவில்லை. அதற்கு ஒவ்வொரு தடவையும் 5 டொலர் தனி.

லண்டனில் இருக்கும் மச்சாள் கேட்டுவிட்டுச் சிரித்தா. "என்னடி இது? நாங்கள் எத்தினையோ வருசமா ஒரு சதமும் குடுக்கிறேல்ல." பிரித்தானியாவில் கட்டணம் இல்லாத வெளிநாட்டுச் செலவு இப்போது சாதாரண விசயம். மொன்சோ, ஸ்டார்லிங் போன்ற கைத்தொலைபேசி வங்கிகள் வந்த பிறகு, அங்கே யாரும் அதைப் பெரிதாகக் கதைப்பதில்லை. கனடா இந்த விசயத்தில் கொஞ்சம் மெதுவான நாடு.

அதிலும் நாங்கள் இருப்பது கியூபெக்கில். நல்ல கார்ட் ஒன்றைக் கண்டுபிடித்து, பெயர், விலாசம் எல்லாம் நிரப்பி, லொங்குய்ய் தபால் எண்ணைப் போட்டால், "கியூபெக் வாசிகளுக்கு இது கிடைக்காது" என்று வரும். இந்த மாகாணத்து நுகர்வோர் சட்டம் வேறு, ஒப்பந்தம் பிரெஞ்சிலும் இருக்க வேணும், சில நிறுவனங்கள் அந்தச் சோலியே வேண்டாம் என்று விட்டுவிடுகின்றன. ரொறன்ரோ சிநேகிதி சொல்வதை அப்படியே நம்பி இறங்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். இரண்டு தடவை திருப்பி அனுப்பப்பட்ட பிறகு மூன்றாவது சரிவந்தது. எந்தக் கம்பனி என்று இங்கே எழுதவில்லை. நிபந்தனைகள் மாறிக்கொண்டே இருக்கும். இன்றைக்கு நான் பெயர் சொல்ல, நாளைக்கு அவர்கள் கட்டணம் போட, நீங்கள் என்னை ஏசுவீர்கள். பார்க்க வேண்டியது மூன்றே விசயம்தான்: நாணய மாற்றுக்கு மேலதிகமாக எத்தனை வீதம், வெளிநாட்டில் காசு எடுக்க மாதம் எவ்வளவு வரை இலவசம், நீங்கள் இருக்கிற மாகாணத்தில் தருவார்களா. இப்படியான கணக்குகள் பல வங்கிக் கணக்குகள் இல்லை என்பதையும் கவனியுங்கோ. வங்கியில் இருக்கும் 100,000 டொலர் வைப்புக் காப்புறுதி அதற்கு இல்லாமல் இருக்கலாம். பயணத்துக்கும் அனுப்புவதற்கும் தேவையான காசை மட்டும் அதற்குள் வைத்திருப்பது என் பழக்கம்.

இந்தக் கார்ட் தபாலில் வந்த நேரம் மூத்தவள் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு. புதிய பிரான்ஸ் காலம் பற்றி ஒரு செயற்திட்டம். ஒருநாள் வீட்டில் இருந்த சீட்டுக்கட்டை எடுத்துக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருந்தாள். ஏச வாயெடுத்தேன். "அம்மா, இது காசு" என்றாள். உண்மைதான். 1685 இல் பிரான்சிலிருந்து நாணயம் வந்து சேரவில்லை, படைவீரர்களுக்குச் சம்பளம் குடுக்க வழியில்லை. அப்போது இங்கே நிர்வாகியாக இருந்த ஷாக் த மேல் என்பவர் விளையாட்டுச் சீட்டுகளைச் சேகரித்து, பெறுமதி எழுதிக் கையொப்பம் போட்டுக் காசாகக் குடுத்துவிட்டார். கப்பல் வந்ததும் மாற்றித் தருவேன் என்ற வாக்குறுதி. சான்-ஷார்ல் தெருவில் இன்று பெரிய தேவாலயம் நிற்கிற பக்கத்தில் ஷார்ல் ல முவான் கோட்டை கட்டத் தொடங்கிய அதே காலம் அது. "அப்ப உங்கட புதுக் கார்ட்டும் இப்பிடித்தானா?" என்று மகள் கேட்டாள். ஏறத்தாழ அப்படித்தான். எங்கேயோ காசு இருக்கு என்ற நம்பிக்கையில் கடைக்காரர் வாங்கிக்கொள்கிறார்.

எனக்கு அதைவிடச் சுவாரசியமாகப் பட்டது இந்தக் கம்பனிகள் உள்ளே வேலை செய்யும் விதம். வைஸ் என்ற கம்பனியின் கதை பிரபலமானது. 2011 இல் டிரான்ஸ்ஃபர்வைஸ் என்ற பெயரில் லண்டனில் தொடங்கியது. அதைத் தொடங்கிய இரண்டு எஸ்தோனியர்களும் சிநேகிதர்கள். டாவெட் ஹின்ரிக்கசுக்குச் சம்பளம் யூரோவில், வாழ்க்கை லண்டனில். கிறிஸ்டோ காயெர்மனுக்குச் சம்பளம் பவுண்ட்ஸில், வீட்டுக்கடன் எஸ்தோனியாவில். இரண்டு பேரும் வங்கிக்குக் காசு குடுத்துக் களைத்துப்போய், ஒருவர் மற்றவரின் எஸ்தோனியக் கணக்கில் யூரோ போட, மற்றவர் இவரின் லண்டன் கணக்கில் பவுண்ட்ஸ் போட்டார். காசு எல்லை தாண்டவே இல்லை.

இதை வாசித்தபோது நான் சத்தமாகச் சிரித்தேன். இது உண்டியல்! எங்கட கடைக்காரர் அண்ணை தொலைபேசியில் செய்ததை இவர்கள் கணினியில் செய்து உலகம் முழுக்க விற்றிருக்கிறார்கள். வித்தியாசம் என்னவென்றால், இவர்களிடம் அனுமதிப் பத்திரம் இருக்கு. கனடாவில் காசு மாற்றி அனுப்பும் தொழில் செய்கிறவர் ஃபின்ட்ராக்கில் பதிய வேணும். கியூபெக்கில் அதற்கு மேலே மாகாண வருமானத் திணைக்களத்தின் அனுமதியும் வேணும். 10,000 டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு அனுப்பல் அரசாங்கத்துக்கு அறிவிக்கப்படும். பதிவில்லாத கடையில் குடுத்த காசு நடுவில் நின்றால் நாங்கள் யாரிடமும் போய்க் கேட்கேலாது.

இதை அம்மாவுக்கு விளங்கப்படுத்தப் போனேன். அம்மா கொப்பியைத் திறந்து 2022 பெப்ரவரி வரியைக் காட்டினா. அந்த நேரம் இலங்கையில் ஒரு அமெரிக்க டொலரை 200 ரூபாய் அளவில் பிடித்து வைத்திருந்தார்கள். அதன்படி கனேடிய டொலருக்கு வங்கி குடுத்தது 158. அம்மாவின் கொப்பியில் உண்டியல் விலை 190. "பாங்கில அனுப்பியிருந்தா கிழவிக்கு எவ்வளவு நட்டம், பார்." அதற்கு என்னிடம் பதில் இல்லை. அம்மா மட்டுமா? வெளிநாட்டில் இருந்தவர்கள் இலங்கைக்கு வங்கி வழியாக அனுப்பிய காசு 2020 இல் ஏறத்தாழ 710 கோடி அமெரிக்க டொலர், 2022 இல் 380 கோடிக்கும் கீழே. அந்த மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்ட பிறகு அமெரிக்க டொலர் 360 வரை போனது. இரண்டு விலையும் கிட்டக் கிட்ட வந்தன. பிறகு மெல்ல மெல்ல வங்கி வழிக்கு ஆட்கள் திரும்பினார்கள்.

"இப்ப வித்தியாசம் இல்லையம்மா. உண்மையான சந்தை விலை, கட்டணம் நாலைஞ்சு டொலர், அதையும் முதலே காட்டும். ஆரையும் நம்பத் தேவையில்லை. நேரா அம்மம்மாவின்ர கணக்குக்கே போகும்."

அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி. "கணக்குக்குப் போகும். கைக்கு ஆர் குடுக்கிறது?"

"அம்மம்மாவே எடுக்கலாம் தானே. திருநெல்வேலிச் சந்தியில பாங்க்."

அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கு. அம்மம்மாவுக்கு அப்போது 84 வயது. ஆனால் என் மனதில் இருந்தது நான் ஒன்பது வயதில் விட்டு வந்த அம்மம்மா. சைக்கிளில் சந்தைக்குப் போய் வாழைக்குலை கட்டிக்கொண்டு வருகிறவ.

2024 ஜனவரியில் இருந்து மாதம் 50,000 ரூபாய் நான் அனுப்பத் தொடங்கினேன். மெற்றோவில் நின்றபடியே அனுப்பலாம். ஆற்றுக்குக் கீழே சிக்னல் வருவதற்குள் முடிந்துவிடும். சில மணித்தியாலத்தில் பச்சை அடையாளம் விழும்: சென்றடைந்தது. ஞாயிற்றுக்கிழமை அம்மா அழைத்து, "காசு வந்ததோ?" என்று கேட்பா. அம்மம்மா "ஓம், ஓம், வந்திட்டுது" என்பா. அம்மா கொப்பியில் சரி போடுவா. கொஞ்சக் காலத்தில் அம்மா கேட்பதும் குறைந்துபோனது. என் தொலைபேசியில் பச்சை விழுந்ததைக் காட்டினால் சரி போட்டுவிடுவா.

ஜூலையில் பிள்ளைகளையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனோம். நல்லூர் கொடியேற முன்னம் திரும்ப வேண்டியிருந்தது, பிள்ளைகளுக்கு அதில் பெரிய கவலை. கார்ட்டைப் பொறுத்தவரை பயணம் நன்றாகவே போனது. கொழும்பில் சுப்பர்மார்க்கெட், விடுதி, மருந்துக்கடை எல்லாம் கார்ட் எடுத்தார்கள். ஒரு இடத்தில் மட்டும் இயந்திரம், "ரூபாயில் கட்டுவீர்களா, கனேடிய டொலரில் கட்டுவீர்களா?" என்று கேட்டது. காசாளர் பிள்ளை எனக்கு உதவி செய்வதாக நினைத்து டொலரை அழுத்தப் போனா. "வேண்டாம் பிள்ளை, ரூபாய்" என்று கையைப் பிடிக்காத குறை. டொலரை அழுத்தினால் மாற்று விலையை நிர்ணயிப்பது அந்த இயந்திரத்தின் பின்னால் இருக்கிற ஆட்கள், எங்கள் கார்ட் இல்லை. கட்டணமில்லாத கார்ட் வைத்திருந்தும் அந்த ஒரு பொத்தானில் எல்லாம் போய்விடும். தானியங்கி இயந்திரமும் இதே கேள்வியைக் கேட்கும், பதிலும் அதேதான். சில இயந்திரங்கள் தங்கள் பங்குக்குத் தனிக் கட்டணம் போடும். அதை எந்தக் கார்ட்டும் தடுக்காது, ஆகவே அடிக்கடி சின்னச் சின்னதாக எடுக்காமல் ஒரேயடியாக எடுப்பது நல்லது. விடுதியில் முன்பணம் பிடித்து வைப்பதற்கு மட்டும் பழைய கடன் அட்டையைக் குடுத்தேன். அந்தக் காசு கணக்கில் பத்து நாள் பூட்டிக் கிடந்தால் பயணத்தில் கை இறுகும்.

யாழ்ப்பாணம் வந்தால் கதை வேறு. திருநெல்வேலிச் சந்தையில் முருங்கைக்காய் விற்கிற அம்மாவிடம் கார்ட் நீட்டேலாது. ஐஸ்கிறீம், ஓட்டோ, கோயில் அர்ச்சனை எல்லாம் காசுதான். மூன்றாம் நாள் பின்னேரம் பிள்ளைகளுக்குச் சோடா வாங்க அம்மம்மா வீட்டு ஒழுங்கை முனைக் கடைக்குப் போனேன். கடைக்கார ஐயா மீதிக் காசைத் தந்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, "பிள்ளை, கனடாப் பேத்தி தானே? அம்மம்மாவின்ர கணக்கு ஒண்டு கிடக்கு. அவசரமில்லை. சும்மா சொன்னனான்" என்றார். அவரிடமும் ஒரு கொப்பி. அரிசி, பருப்பு, தேயிலை, சவர்க்காரம், இரண்டு தடவை மருந்துக்கடைக்குக் குடுத்த கைமாற்று. 38,450 ரூபாய். முதல் வரி பெப்ரவரி.

அன்றிரவு அம்மா அலுமாரியைத் திறந்து வங்கிப் புத்தகத்தை எடுத்தா. கடைசிப் பதிவு முந்தைய வருசம். கிளினிக்கில் கிடைக்காத ஒரு பிரசர்க் குளிசையை அம்மம்மா வெளியில் வாங்க வேணும். அந்தப் பெட்டியைத் தட்டிப் பார்த்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டிருக்கிறா.

"காசு வந்தது எண்டு சொன்னீங்கள் தானே, அம்மா?" என்றா என் அம்மா. குரல் வேறு மாதிரி இருந்தது.

"வந்தது தானே. பாங்கில கிடக்கு. ஆர் கொண்டு போக மாட்டினம்? நான்தான் கேக்கேல்ல." அம்மம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தா. "நீங்கள் வருவியள் தானே எண்டு இருந்தனான். முதலெண்டா அந்தப் பெடியன் வருவான். ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு, குளிசை முடிஞ்சா அதையும் வாங்கித் தந்திட்டுப் போவான். இப்ப அவன் வாறேல்ல."

அடுத்த நாள் ஓட்டோ பிடித்து வங்கிக்குப் போனோம். படி ஏற அம்மம்மாவுக்குப் பத்து நிமிடம் எடுத்தது. வங்கிப் புத்தகத்தை இயந்திரத்துக்குள் விட, கரகரவென்று ஆறு வரி அடித்தது. 50,000, 50,000, 50,000. ஒன்றும் குறையவில்லை. நான் அனுப்பிய காசு ஒரு சதமும் எங்கேயும் தொலைந்துபோகவில்லை. வேலையிடத்தில் புதிதாக வருகிற பெடியளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்கிற விசயம் ஒன்று உண்டு: செய்தி போய்ச் சேர்ந்தது வேறு, மற்றப் பக்கம் அதை வாசித்தது வேறு, இரண்டாவதை உறுதி செய்யாமல் வேலை முடிந்தது என்று எழுதாதே. வங்கி வாங்கில் அம்மம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தபோது அது ஞாபகம் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

அம்மா என்னை ஏசுவா என்று எதிர்பார்த்தேன். ஏசவில்லை. வீட்டுக்கு வந்து கொப்பியை எடுத்து, ஜனவரியில் இருந்து ஜூன் வரை தான் போட்ட ஆறு சரி அடையாளத்தையும் ஒவ்வொன்றாக வெட்டினா. பக்கத்தில் "ஜூலை 18" என்று எழுதிப் புதுச் சரி போட்டா. எனக்கு அது ஏச்சைவிடக் கூட.

மாமியிடம் போனோம். இறந்துபோன மாமாவின் மனைவி, கோப்பாயில் இருக்கிறா, கோண்டாவிலுக்கு ஓட்டோவில் கொஞ்ச நேரம்தான். மாமியை நான் முதலில் கேட்காமல் விட்டதற்குக் காரணம் உண்டு. நடுவில் ஒருவரும் வேண்டாம், நேரடியாகப் போக வேணும் என்ற எண்ணம். மாமிக்கு அது தெரிந்திருந்தது. "ஓ, இப்பதான் எங்கட வீட்டுப் பாதை தெரிஞ்சுதோ?" என்று கேட்டுவிட்டுத்தான் தேத்தண்ணி வைத்தா. அந்தக் கேள்வி எனக்கு வேணும்.

இப்போது காசு மாமியின் கணக்குக்குப் போகிறது. மாமியிடம் வங்கி அட்டை இருக்கு. ஒவ்வொரு மாதமும் 5 ஆம் திகதி காசை எடுத்து, தெரிந்த பெடியனின் ஓட்டோவில் கோண்டாவிலுக்குப் போய், அம்மம்மாவின் கையில் குடுத்து, வாட்ஸ்அப்பில் வீடியோ போடுவா. குளிசைப் பெட்டியையும் கமராவுக்கு முன்னால் பிடிக்கச் சொல்லி அம்மாவின் கட்டளை. அதன் பிறகுதான் கொப்பியில் சரி விழும். என் பச்சை அடையாளத்துக்கு இப்போது அந்த வீட்டில் மதிப்பில்லை.

போன சனிக்கிழமை கொப்பியைப் பார்த்தேன். 50,000 க்குக் கீழே சின்ன எழுத்தில் "ஓட்டோ 1,200" என்று ஒவ்வொரு மாதமும் எழுதியிருக்கு. சும்மா மனதுக்குள் கணக்குப் போட்டேன். 2.4 வீதம். பழைய கார்ட்டுக்குக் குடுத்ததற்கும் இதற்கும் 0.1 தான் வித்தியாசம். அம்மாவிடம் சொன்னபோது அவவுக்குச் சிரிப்பு வரவில்லை. "அது வேற, இது வேற" என்றுவிட்டு கலண்டரைப் பார்த்தா.

"ஜனவரி 5 ஞாயிறு. பாங்க் பூட்டு. நீ புதனே அனுப்பிவிடு, வெள்ளி மாமியின்ர கையில இருக்க வேணும்."

திரும்பிப் போகும்போது பெரி-யுகாமில் மஞ்சள் கோட்டுக்காக நின்றபடி தொலைபேசியில் ஒரு நினைவூட்டல் போட்டேன். பெட்டி ஆற்றுக்குக் கீழே இறங்கியதும் சின்னவன் மேலே பார்த்தான்.